வாக்குச்சீட்டில் குணமான நோய்

1974 ஏப்ரலில் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் உறுப்பினர்கள் ஒரு நோயின்மீது வாக்களித்தார்கள். தன்பாலீர்ப்பை மனநோய்ப் பட்டியலிலிருந்து நீக்குவதென்று சங்கத்தின் அறங்காவலர் குழு 1973 டிசம்பர் 15 அன்று எடுத்த முடிவு நிற்கலாமா கூடாதா என்பதுதான் கேள்வி. நிற்கலாம் என்றவர்கள் 5,854 பேர். கூடாது என்றவர்கள் 3,810 பேர். எந்த மருந்தும் இத்தனை லட்சம் பேரை இப்படி ஒரே மூச்சில் குணப்படுத்தியதில்லை என்று கேலி பேசினார்கள். கேலி இருக்கட்டும். அந்த 3,810 பேரை என்ன செய்வது? தோற்றுப்போன அவர்கள் மறுநாள் காலை தம் அறைக்குப் போய், நேற்றுவரை நோயாளியாயிருந்தவரை எதிரே உட்காரவைத்து என்ன பேசியிருப்பார்கள்? ஆயிரத்துச் சொச்சம் பேர் மனம் மாறி அந்தப் பக்கம் போட்டிருந்தால் நோய் நோயாகவே நீடித்திருக்குமா?

விஞ்ஞானத்தில் வாக்கெடுப்பே கிடையாதா என்று திருப்பிக் கேட்பார்கள். உண்டு. 2006இல் பிராக் நகரில் கூடிய வானியலாளர்கள் வாக்கெடுத்துத்தான் புளூட்டோவைக் கோள் வரிசையிலிருந்து இறக்கினார்கள். வகைப்பாடு எங்கேயும் மனிதர்கள் செய்துகொள்ளும் ஏற்பாடுதான். சரி. ஆனால் புளூட்டோவுக்கு அதனால் வேலை போகவில்லை. யாரும் அதைப் பிடித்துக் கட்டி மின்னதிர்ச்சி கொடுக்கவில்லை. தன் வகைப்பெயரைக் கேட்டு அது ராத்திரி தூங்காமல் கிடக்கவுமில்லை. மனிதர் விஷயத்தில் பெயரிடப்பட்டவர் அந்தப் பெயரைக் கேட்கிறார், கேட்டு மாறுகிறார், மாறியவரைப் பார்த்துப் பெயரும் மாறுகிறது. இயன் ஹாக்கிங் என்ற தத்துவவாதி இந்தச் சுழலைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். இயற்கை விஞ்ஞானத்தின் வகைப்பாட்டை மனிதர்மேல் அப்படியே தூக்கிப் போட முடியாததற்குக் காரணம் இந்தச் சுழல்.

இக்கட்டுரை ஒரு மனிதரைப் பின்தொடர்ந்து போகிறது. ராபர்ட் ஸ்பிட்சர் (1932-2015). நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்து மருத்துவர். நீக்கத்துக்கான வாசகத்தை எழுதியவர் அவர். பிறகு உலகம் முழுக்க நோய்நிர்ணயத்தின் மொழியையே மாற்றிய டி.எஸ்.எம். கையேட்டின் மூன்றாம் பதிப்பை 1980இல் கொண்டுவந்தவரும் அவர்தான். உளமருத்துவத்தின் விஞ்ஞான உரிமைகோரல் எதன்மேல் நிற்கிறது என்று பார்க்க ஃபூக்கோவைவிட ஸ்பிட்சர்தான் நமக்கு உதவுவார் என்று நினைக்கிறேன். எதிரியின் வாக்குமூலத்துக்குத் தனி மதிப்பு உண்டில்லையா.

தன்பாலீர்ப்பு நோய் என்பதற்கு அதுவரை இருந்த சான்று என்ன? மனநல மருத்துவரிடம் வந்தவர்களும் சிறையிலிருந்தவர்களும்தான். துன்பப்பட்டு வந்தவரை மட்டும் பார்த்துவிட்டு அந்த இனமே துன்பப்பட்ட இனம் என்று எழுதினார்கள். 1957இல் ஈவ்லின் ஹூக்கர் என்ற உளவியலாளர் எளிய காரியம் ஒன்றைச் செய்தார். சிகிச்சைக்குப் போகாத தன்பாலீர்ப்பு ஆண்கள் 30 பேர், எதிர்பாலீர்ப்பு ஆண்கள் 30 பேர். இருவகையினருக்கும் ரோர்ஷாக் மைத்தடச் சோதனை முதலானவற்றை நடத்தி, பெயரை மறைத்துவிட்டு, இதில் யார் எவர் என்று வல்லுநர்களிடம் நீட்டினார். அவர்களால் பிரித்தறிய முடியவில்லை. விஞ்ஞானம் சான்றுக்குக் கட்டுப்பட்டது என்றால் விஷயம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 1968இல் வந்த இரண்டாம் பதிப்பிலும் அது பாலியல் பிறழ்வாகத்தான் இருந்தது.

சான்று செய்யாததைக் கூச்சல் செய்தது. 1970லிருந்து சங்கத்தின் மாநாடுகளுக்குள் செயல்பாட்டாளர்கள் புகுந்து மேடையை மறித்தார்கள். 1972இல் டல்லாஸ் மாநாட்டில் ஒரு மருத்துவர் முகமூடி மாட்டி, குரலை மாற்றும் கருவி வைத்துக்கொண்டு, நானும் உங்களில் ஒருவன், நானும் தன்பாலீர்ப்புள்ளவன் என்று பேசினார். அவர் ஜான் ஃப்ரையர். தன் பெயரை வெளியே சொல்ல அவருக்கு இருபதாண்டுகளுக்குமேல் ஆயிற்று. நோயைப் பற்றிப் பேசும் மேடையில் நோயாளி என்று சொல்லப்பட்டவர் முகத்தை மூடிக்கொண்டுதான் ஏற முடிந்தது. அடுத்த ஆண்டு மே மாதம், ஹொனலுலு மாநாட்டின்போது, இப்படிப்பட்ட மருத்துவர்கள் ரகசியமாகக் கூடும் விடுதிக்கு ஸ்பிட்சர் அழைத்துச் செல்லப்பட்டார். அவர் அறிந்த பெரிய மனிதர்கள் சிலரும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். அதன்பிறகுதான் வாசகம் எழுதப்பட்டது.

அவர் கண்டுபிடித்த சூத்திரம் இது: ஒரு நிலை மனநோய் ஆக வேண்டுமென்றால் அது அவருக்கே துன்பம் தர வேண்டும், அல்லது சமூக வாழ்வில் அவரை முடக்க வேண்டும். தன் ஈர்ப்பை ஏற்றுச் சந்தோஷமாக இருப்பவர் நோயாளி அல்ல. ஏற்க முடியாமல் அவதிப்படுபவர்? அவருக்குப் பின்கதவில் ஒரு பெயர் வைத்தார்கள். 1980 கையேட்டில் ‘தன்னேற்பில்லாத் தன்பாலீர்ப்பு’ என்ற பொருளில் தனி நோயே இருந்தது. 1987இல்தான் அதையும் எடுத்தார்கள். ஊரே கல்லெறியும்போது எறிபடுபவருக்கு வலித்தால் வலிக்கு மருந்து, எறிபவருக்கு ஒரு பெயரும் கிடையாது.

நீக்கம் சரியான முடிவு. அதில் எனக்குச் சந்தேகமில்லை. எப்படி எடுக்கப்பட்டது என்பதுதான் பிரச்சினை. சான்று 1957லிருந்து கிடந்தது. அறம் அதற்கும் முன்பிருந்து கிடந்தது. அதிகாரச் சமன் மாறியபிறகு விஞ்ஞானம் கையெழுத்துப் போட்டது. பட்டியலில் மிச்சமிருக்கும் மற்ற பெயர்களுக்கு மாநாட்டு மண்டபத்தில் நுழைந்து கூச்சல் போட ஆளில்லை என்பதால் அவையெல்லாம் மெய்யான நோய்கள் ஆகிவிடுமா?

அதே 1973 ஜனவரியில் இன்னொரு அடி விழுந்தது. டேவிட் ரோசன்ஹான் என்ற உளவியலாளர் ‘சயன்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரை. நல்ல மனநிலையிலுள்ள எட்டுப் பேர், காதில் ஏதோ குரல் கேட்கிறது என்று மட்டும் பொய் சொல்லி, 12 மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள். ஒன்று தவிர எல்லா இடத்திலும் மனச்சிதைவு என்று எழுதினார்கள். உள்ளே போனதும் சாதாரணமாகத்தான் நடந்துகொண்டார்கள், இருந்தும் சராசரி 19 நாள் வைத்திருந்தார்கள். கூட இருந்த நோயாளிகள்தான் இவர்களைச் சந்தேகப்பட்டார்கள். நம்மாட்கள் இன்னும் இதை மேற்கோளாகப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நிறுத்திக்கொள்வது நல்லது. 2019இல் சூசன்னா கஹாலன் என்ற பத்திரிகையாளர் பழைய ஆவணங்களைத் தோண்டி எடுத்து நூலாக வெளியிட்டார். ரோசன்ஹான் தானே சேர்ந்தபோது கட்டுரையில் எழுதியதைவிட எவ்வளவோ அதிகமாக அறிகுறிகளைச் சொல்லியிருக்கிறார். எட்டுப் பேரில் பெரும்பாலோர் யாரென்றே கண்டுபிடிக்க முடியவில்லை. மருத்துவமனையில் நல்லவிதமாக நடத்தப்பட்ட ஒருவரின் அனுபவம் கணக்கிலிருந்தே கழற்றிவிடப்பட்டிருக்கிறது. உளமருத்துவத்தின் பொய்யை உடைத்த ஆய்வு தானும் பெருமளவு புனைவாக இருக்கலாம். நமக்குச் சாதகமான புனைவை மட்டும் பிரதி, கதையாடல் என்று சொல்லித் தப்பவிட்டால் பிறகு எதிராளியின் புனைவைக் கேட்க நமக்கு வாயிருக்காது. பொதுவாக உளவியலுக்கே இந்தச் சீக்கு உண்டு. 2015இல் நூறு உளவியல் ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்தார்கள். மூலத்தில் 97 விழுக்காடு தேறியிருந்த இடத்தில், மறுபடி செய்தபோது 36 விழுக்காடுதான் தேறியது. இதைக் கண்டுபிடித்தவர்களும் உளவியலாளர்கள்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ரோசன்ஹானுக்கு அன்றே காட்டமாக மறுப்பு எழுதியவர் ஸ்பிட்சர். ஆனால் உள்ளூர அடி வலித்தது. ஏனென்றால் வேறொரு உண்மை அவர் கையில் இருந்தது. அமெரிக்காவையும் பிரிட்டனையும் ஒப்பிட்டு நடந்த ஆய்வில், ஒரே மாதிரி நோயாளியை நியூயார்க்கில் மனச்சிதைவு என்றும் லண்டனில் மனவெழுச்சி சார்ந்த நோய் என்றும் எழுதினார்கள் என்று தெரிந்திருந்தது. அட்லாண்டிக் கடலைத் தாண்டினால் வியாதி மாறுகிறது. பார்க்கிற மருத்துவர் மாறினாலும் மாறுகிறது. காப்பீட்டு நிறுவனங்கள் சும்மா இருக்குமா? எந்த நோய்க்குக் காசு கொடுக்கிறோம் என்று கேட்க ஆரம்பித்தன.

ஸ்பிட்சர் இதற்கு ஒரு வழி கண்டார். நோய் எதனால் வருகிறது என்ற பேச்சை விட்டுவிடுவோம். ஃபிராய்டையும் விட்டுவிடுவோம். வெளியே தெரியும் அறிகுறிகளைப் பட்டியலிடுவோம், இத்தனைக்கு இத்தனை இருந்தால் இந்தப் பெயர் என்று வைப்போம், அப்போது எல்லா மருத்துவரும் ஒரே பெயரைச் சொல்வார்கள். 134 பக்கச் சிற்றேடு 494 பக்கக் கையேடாக வந்தது. மனச்சோர்வு என்றால் ஒன்பதில் ஐந்து அறிகுறி, இரண்டு வாரம். ஏன் ஐந்து? பின்னாளில் ஒருவர் அவரிடமே கேட்டார். நாலு என்றால் பற்றாததுபோலவும் ஆறு என்றால் மிகையாகவும் தோன்றியது என்ற பொருளில் பதில் வந்தது. கூட்டம் போட்டு, உரக்கப் பேசி, யார் சொன்னது எடுபட்டதோ அதை அவர் தட்டச்சு செய்தார் என்று கலந்துகொண்டவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒன்பதில் ஐந்து, அதில் துயரமோ நாட்டமின்மையோ ஒன்று கட்டாயம் என்றால், 227 வெவ்வேறு சேர்க்கைகள் ஒரே பெயரில் அடங்கும். ஒருத்தி தூங்காமல், சாப்பிடாமல், இளைத்துக் கிடக்கிறாள். இன்னொருத்தி எந்நேரமும் தூங்கி, நிறையச் சாப்பிட்டு, கனத்துப்போகிறாள். இரண்டும் மனச்சோர்வு. ஒரே ஒரு அறிகுறி மட்டும் பொதுவாக உள்ள இருவருக்கும் இந்தப் பெயர் பொருந்தும். புருஷன் செத்த துக்கத்தில் இருப்பவளை இதில் சேர்க்காதே என்று பழைய பதிப்புகளில் ஒரு விலக்கு இருந்தது. 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பில் அதையும் எடுத்துவிட்டார்கள்.

நம்மூர் உதாரணத்தில் சொன்னால் விளங்கும். ஒரு பெண்ணின் ஜாதகத்தை வாக்கியப் பஞ்சாங்கம் வைத்திருப்பவரிடமும் திருக்கணிதம் வைத்திருப்பவரிடமும் காட்டினால், கிரகம் நிற்கும் இடம் மாறி, ஒருவர் செவ்வாய் தோஷம் என்பார், மற்றவர் இல்லை என்பார். லண்டன், நியூயார்க் கதைதான். இனி எல்லோரும் ஒரே பஞ்சாங்கம், ஒரே விதி என்று சோதிடர் சங்கம் முடிவெடுத்தால் என்ன ஆகும்? கன்னியாகுமரியிலிருந்து கும்மிடிப்பூண்டிவரை எல்லாச் சோதிடரும் அச்சு மாறாமல் ஒரே பதிலைச் சொல்வார்கள். ஒத்துப்போதல் நூற்றுக்கு நூறு. தோஷம் என்று ஒன்று இருக்கிறதா என்ற கேள்வி மட்டும் தொடப்படாமல் அப்படியே கிடக்கும். அந்தப் பெண்ணின் கல்யாணம் நின்றுபோவதும் அப்படியே. மூன்றாம் பதிப்பு சாதிக்க முயன்றது ஒரே பஞ்சாங்கத்தைத்தான். சொல்பவர்கள் ஒத்துப்போவதை, சொல்லப்படுவது இருப்பதற்குச் சான்றாகக் காட்டினார்கள். புள்ளியியல் மொழியில் முன்னதற்கு நம்பகம் என்றும் பின்னதற்குச் செல்லுபடி என்றும் பெயர். உளமருத்துவம் விஞ்ஞானம் என்ற சொல்லாடலில் இந்த இரண்டுக்கும் இடையிலான இடைவெளிதான் ஓசைப்படாமல் மூடப்பட்டது.

அட, அந்த ஒத்துப்போதலாவது வந்ததா? ஐந்தாம் பதிப்புக்காகக் கள ஆய்வு நடத்தினார்கள். ஒரே நோயாளியை இரு மருத்துவர்கள் தனித்தனியே பார்ப்பது. முழு ஒப்புதல் என்றால் 1, குருட்டாம்போக்கில் ஒத்துப்போகும் அளவுதான் என்றால் 0 என்று ஒரு அளவுகோல். மனச்சோர்வுக்குக் கிடைத்தது 0.28. பொதுப் பதற்ற நோய்க்கு 0.20. மனச்சிதைவுக்கு 0.46. முப்பது வருஷம் கழிந்து இவ்வளவுதான். கையேடு அச்சாகவிருந்த வேளையில், 2013 ஏப்ரலில், அமெரிக்க அரசின் தேசிய மனநல ஆய்வு நிறுவன இயக்குநர் தாமஸ் இன்செல், இதில் செல்லுபடி என்பது இல்லை, இனி எங்கள் ஆய்வுகள் இந்த வகைகளைவிட்டு விலகிப் போகும் என்று எழுதினார். இதைச் சொன்னவர் ஃபூக்கோவியர் அல்ல. மூளை விஞ்ஞானத்தின்மேல் கோடிக்கணக்கில் கொட்டியவர். மூளையிலும் இந்தப் பெயர்கள் அகப்படவில்லை என்பதுதான் அவர் புகார். இன்றுவரை மனச்சிதைவுக்கோ மனச்சோர்வுக்கோ, மருத்துவர் ரத்தம் எடுத்தோ படம் பிடித்தோ உறுதிசெய்யும் சோதனை கிடையாது. செரட்டோனின் குறைவதால்தான் மனச்சோர்வு என்று மாத்திரைக்காரர்கள் பரப்பிய கதைக்கு ஒத்திசைந்த சான்று இல்லையென்று 2022இல் ஜோனா மான்கிரீஃபும் சகாக்களும் தொகுத்துக் காட்டினார்கள். இதை வைத்துக்கொண்டு மாத்திரையே பொய் என்று முடிவுகட்ட முடியாது. காரணம் தெரியாமலே வேலைசெய்யும் மருந்துகள் உண்டு. சாப்பிடுபவர் திடீரென்று நிறுத்தினால் ஆபத்தும் உண்டு. கட்டுரை படித்து மாத்திரையைத் தூக்கிப் போட யாரும் கிளம்ப வேண்டாம்.

முதலாளியம் செய்த சதி என்று இதை முடித்துக்கொள்ள விரும்பும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. மாஸ்கோவில் ஸ்நெஷ்னெவ்ஸ்கி என்ற பேராசிரியர் ‘மந்தகதி மனச்சிதைவு’ என்று ஒரு நோய் வைத்திருந்தார். வெளியே ஒன்றும் தெரியாது, மெல்ல வளரும். அறிகுறிகளில் சீர்திருத்த வெறியும் ஒன்று. கட்சியை விமர்சித்தவர்களுக்கு இந்த நோய் வந்தது. 1970இல் உயிரியலாளர் ஜோரஸ் மெத்வதேவைக் கலூகா நகர மனநல மருத்துவமனையில் 19 நாள் அடைத்தார்கள். ரோசன்ஹானின் சராசரியும் 19தான், தற்செயல். இதில் கவனிக்க வேண்டியது, சோவியத் மருத்துவர் எல்லோரும் பொய் சொன்னார்கள் என்பதல்ல. பலர் மனதார நம்பியிருக்கலாம். ஸ்நெஷ்னெவ்ஸ்கியின் மாணவர்களுக்குள் நல்ல ஒத்துப்போதல்கூட இருந்திருக்கும். ஒரே பஞ்சாங்கம்தானே.

1961 ஒரு வேடிக்கையான வருஷம். ஃபூக்கோவின் பித்து வரலாறு, கோஃப்மனின் புகலிடங்கள் பற்றிய நூல், தாமஸ் சாஸின் மனநோய்த் தொன்மம், ஃபனோனின் கடைசி நூல் எல்லாம் அதே ஆண்டில் வந்தன. இத்தாலியில் பஸாலியா கொரிஸியா மருத்துவமனைப் பொறுப்பை ஏற்றதும் அந்த ஆண்டே. நம் சிறுபத்திரிகைகளுக்கு இவை முப்பது வருஷம் தாமதமாக, ஃபூக்கோ வழியே வந்து சேர்ந்தன. வந்த வேகத்தில் பித்தைக் கலகமாக்கி, பகுத்தறிவின் மற்றமையாக்கி, கவிதையாக்கி விட்டோம். சித்தர் மரபு வேறு கைவசம் இருந்தது. பஸாலியா பூட்டுகளைத் திறந்தார், அங்கிருந்தவர்களுக்கு வேலையும் வீடும் தேடி அலைந்தார், 1978இல் இத்தாலியச் சட்டம் மாறியது. அந்தப் பகுதியை நாம் படிக்கவில்லை. சாஸ் 1969இல் சயன்டாலஜி சபையோடு சேர்ந்து உளமருத்துவ எதிர்ப்பு அமைப்பு தொடங்கினார் என்பதையும் படிக்கவில்லை.

2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை ஒட்டி நடந்த தனியார் மனநலக் காப்பகக் கொட்டகை ஒன்று தீப்பிடித்தது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் செத்தார்கள். அவர்களைச் சங்கிலியில் போட்டது டி.எஸ்.எம். அல்ல, காப்பகக்காரர். கொண்டுவந்து விட்டது வீட்டார். தேவையான உரிமத்தைக் கேட்கும் 1987ஆம் ஆண்டுச் சட்டம் எட்டு வருஷமாக நடப்பிலிருந்தும் கேட்காமலிருந்தது அரசு. பின்பு ஏர்வாடி என்றால் மூடநம்பிக்கை, கீழ்ப்பாக்கம் என்றால் விஞ்ஞானம் என்று ஓர் எளிய எதிர்வு கட்டப்பட்டது. நாம் அதைக் கட்டுடைக்கப் போய், மருத்துவமனையும் சிறை, தர்காவாவது மக்கள் இடம் என்று இன்னொரு எளிய எதிர்வைக் கட்டினோம். செத்தவர்களுக்கு இரண்டாலும் பயனில்லை. குரல் கேட்டு நடுங்குபவரின் துன்பம், அதற்கு வைத்த பெயர் செல்லாது என்பதால் இல்லாமல் போய்விடாது. பெயர் இல்லாமலும் அவர் சங்கிலியில் கிடந்தார்.

பெயருக்காகப் போராடியவர்களும் உண்டு. வியட்நாமில் சண்டையிட்டுத் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள், எங்களுக்கு வந்திருப்பது போரால் வந்தது, அதைப் பட்டியலில் சேர் என்று வற்புறுத்தி 1980 கையேட்டில் இடம் பிடித்தார்கள். கோழை என்ற பெயரைவிட நோயாளி என்ற பெயர் அவர்களுக்கு ஓய்வூதியம் தந்தது. இங்கே 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் மனநோயையும் சேர்த்திருக்கிறது. 40 விழுக்காடு என்று சான்றிதழ் கையில் இருந்தால்தான் உதவிகள். அந்த விழுக்காட்டை அளக்கத் தன்னைப் பேணுதல், உறவு, பேச்சு, வேலை என்று நாலு தலைப்பில் மதிப்பெண். இது எந்த விதத்தில் விஞ்ஞானம் என்று கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். ஆனால் ஆஸ்பத்திரி வரிசையில் மகனைக் கூட்டிவந்து நிற்கும் அம்மாவிடம் போய், உன் மகனுக்கு வந்திருப்பது வெறும் சொல்லாடல்மா என்று சொல்ல எவனுக்காவது துணிச்சல் உண்டா?

எனவே ‘நோய் உண்டா இல்லையா’ என்ற இடத்தில் நின்று சண்டை போடுவதைவிட, இந்தப் பெயரை யார் கேட்டார்கள், யார் கையெழுத்திடுகிறார்கள், போட்டபிறகு அது எங்கெங்கே போகிறது என்று கேட்பது நமக்கு உருப்படியான வேலை. பெயர் ஆஸ்பத்திரியோடு நிற்பதில்லை. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டத்தில் விவாகரத்துக்கான காரணங்களில் மனநோயும் ஒன்று. 1976இல் சேர்த்த விளக்கத்தில் மனச்சிதைவு பெயர் சொல்லியே எழுதப்பட்டிருக்கிறது. ஒன்றுக்குப் பாதிகூட ஒத்துப்போகாத ஒரு பெயர், ஒரு பெண்ணைப் பிறந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்பும் சட்டச் சொல்லாகிவிட்டது. கல்யாணத்துக்கு முன்பே இருந்தது, மறைத்துவிட்டார்கள் என்று புருஷன் வீட்டார் மருந்துச்சீட்டோடு நீதிமன்றம் வருகிறார்கள். அந்தப் பெயர் இருந்தால் மட்டும் போதாது, சேர்ந்து வாழ முடியாத அளவுக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என 1988இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்ல தீர்ப்பு. மருத்துவர்கள் விட்ட ஓட்டையை நீதிபதிகள் அடைக்கப் பார்த்திருக்கிறார்கள்.

2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் மூன்றாம் பிரிவைத் தோழர்கள் அவசியம் படிக்க வேண்டும். ஒருவரின் அரசியல், பொருளாதார, சமூக நிலையை வைத்தோ, அவர் எந்தப் பண்பாட்டை, இனத்தை, மதத்தைச் சேர்ந்தவர் என்பதை வைத்தோ மனநோய் என்று தீர்மானிக்கக் கூடாது. ஊரின் ஒழுக்கத்துக்கோ அரசியல் நம்பிக்கைக்கோ ஒத்துப்போகாததை வைத்தும் கூடாது. முன்பு ஒருமுறை சிகிச்சை பெற்றார் என்பது மட்டுமே இன்றைக்குச் சான்றாகாது. ஸ்நெஷ்னெவ்ஸ்கியை மனதில் வைத்து எழுதியதுபோல் இருக்கிறது. ஆனால் அதே பிரிவு, எது மனநோய் என்பதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலின் புதிய பதிப்பை அளவுகோலாகச் சுட்டுகிறது. திருநர் அடையாளத்தை மனநோய்ப் பகுதியிலிருந்து அந்தப் பட்டியல் வெளியேற்றியது 2019இல் ஏற்கப்பட்ட பதிப்பில்தான். முந்தைய நாள்வரை உள்ளே இருந்தவர்கள் ஜெனீவாவிலிருந்து விடுதலை பெற்றார்கள்.

ஸ்பிட்சருக்கு வருவோம். 2001இல் அதே மனிதர், சிலர் முயன்றால் தன்பாலீர்ப்பிலிருந்து மாற முடியும் என்று அறிவித்தார். 2003இல் கட்டுரையாக வந்தது. மாறிவிட்டோம் என்று சொன்ன 200 பேரிடம் தொலைபேசியில் பேசியதுதான் சான்று. அவர்களில் பெரும்பகுதியினர் மதம் சார்ந்த ‘மாற்று’ அமைப்புகளும் அத்தகைய சிகிச்சையாளர்களும் அனுப்பி வைத்தவர்கள். 1973இல் விடுதியில் உட்கார்ந்து அவர்கள் சொன்னதை நம்பினார். இப்போது தொலைபேசியில் இவர்கள் சொன்னதை நம்பினார். முறை ஒன்றுதான். அவர்களை அங்கே அனுப்பியது யார் என்று கேட்கும் வழி மட்டும் அவருடைய விஞ்ஞானத்தில் இல்லை. உலகெங்கும் ‘மாற்றுச் சிகிச்சை’க் கடைகள் அவர் பெயரைப் பலகையில் மாட்டின. 2012இல், எண்பதாம் வயதை நெருங்கிய நிலையில், என் ஆய்வு தவறு, அந்தச் சமூகத்திடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று எழுதினார். பெரிய மனசுதான். பலகையைக் கழற்றப் பலருக்கு மனமில்லை.

சென்னையில் என்ன நடந்தது? மதுரையிலிருந்து ஓடிவந்த இரு பெண்கள் காதலர்களாகச் சேர்ந்து வாழப் பாதுகாப்புக் கேட்டு உயர் நீதிமன்றம் வந்தார்கள். பெற்றோர் காணவில்லை என்று புகார் கொடுத்திருந்தார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், எனக்கு இது விளங்கவில்லை, முதலில் நான் கற்றுக்கொள்கிறேன் என்று உளவியலாளர் ஒருவரிடம் தானே போய் உட்கார்ந்துவிட்டு வந்து, 2021 ஜூன் 7 அன்று ஆணை பிறப்பித்தார். மருத்துவத்தால் ‘குணப்படுத்த’ முயல்வதற்குத் தடை. அந்த வழக்கின் தொடர்ச்சியாக 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அப்படிச் செய்வது தொழில்முறை ஒழுக்கக்கேடு என்று மாநில மருத்துவ மன்றங்களுக்குச் சொன்னது. தடயவியல் மருத்துவப் பாடத்தையும் திருத்தியது. இந்திய உளமருத்துவச் சங்கமும் 2018லேயே இது நோயல்ல என்று சொல்லியிருந்தது. எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தோம். 2024இல் அதே ஆணையம் வெளியிட்ட புதிய பாடத்திட்டத்தின் தடயவியல் பகுதியில் பெண்களுக்கிடையிலான உறவு ‘இயற்கைக்கு மாறான குற்றம்’ என்ற தலைப்பின்கீழ் திரும்பி வந்திருந்தது. எதிர்ப்பு எழுந்தது, செப்டம்பர் 5 அன்று திரும்பப் பெற்றார்கள். யார் எழுதிச் சேர்த்தது, எந்தச் சான்றைப் பார்த்துச் சேர்த்தது, எதைப் பார்த்து எடுத்தது என்று ஒருவரும் சொல்லவில்லை. இந்த முறை வாக்கெடுப்புக்கூட இல்லை.